கரைமூச்சுக்காரி

மெட்டில்டாவுக்கு நீந்தத் தெரியாது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவள் இல்லை. ஆனாலும் வேலைநாள் தவறாமல் அவள் மூக்குக்குள் ஐஸ் மாதிரித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பயந்துவிடாதீர்கள். அவள் உட்கார்ந்திருந்தது காய்ந்த நாற்காலியில்தான். தலைக்கு மேல் மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் டீ. முழுகுவது வேறொருவர். ஊதுவது மட்டும் இவள்.

சிலுவைத்துறையில் அந்தக் குளத்தைக் கட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. வெளியே தார் உருகும் வெயில். குளத்துக்குள் கைவைத்தால் விரல் மரத்துப்போகும். ஆழ்கடலின் அடியிலிருந்து ராட்சதக் குழாய் வழியாக இழுத்து வந்த தண்ணீர் அது. உலகத்தில் யார் யாரோ கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் யோசித்து யோசித்துச் சூடாகிப்போகிற கணினிகளை இரும்பு உருளைகளில் அடைத்து, அந்தக் குளிரில் போட்டு வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் உருளைகள் மேல் பாசியும் சிப்பியும் ஒட்டும். ஒட்டினால் சூடு இறங்காது. அதைச் சுரண்ட முதலில் இயந்திரக் கைகளை இறக்கிப் பார்த்தார்கள். அந்தக் கைகள் மேலேயே சிப்பி ஒட்டிக்கொண்டது. கையைச் சுரண்டவே ஆள் இறங்க வேண்டியிருந்ததால், உருளையையும் ஆளே சுரண்டட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சுரண்ட இறங்கியவர்கள் எல்லாரும் வெதுவெதுப்பான கடலில் பழகியவர்கள். சங்கு எடுத்தவர்கள், பாசி பறித்தவர்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி மாஸ்க், தலையில் தடித்த ரப்பர் உறை. அந்த உறையை ஊரில் எல்லாரும் குல்லா என்றார்கள். மாஸ்க் புதிதல்ல. குல்லாதான் புதிது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வை மேடம் சாருலதா மெட்டில்டாவை உட்கார வைத்து விளக்கினாள். சென்னைக்காரி. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"சாதாரணக் கடல்ல மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்தா பெரிய விஷயமே இல்லம்மா. மாஸ்க்கோட மேல் விளிம்பை நெத்தியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, முகத்தை லேசா தூக்கி, மூக்கால ஊதினா போதும். தண்ணி கீழ வழியா வெளிய போயிடும். குளிர்ல என்ன ஆகுதுன்னா, மூக்குல தண்ணி பட்டவுடனே உடம்பு தானா உள்ள இழுக்குது. ஊத வேண்டிய நேரத்துல இழுத்தா..."

"நெஞ்சுக்குள்ள போயிரும்."

"ஆமா. இதுல குல்லா வேற. முகம் மரத்துக் கிடக்கும். குல்லாவோட ஓரம் மாஸ்க்குக்கு அடியில மாட்டிக்கிட்டா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த இடுக்கு வழியா, ஊத ஊதத் தண்ணி வந்துட்டே இருக்கும். மேல வரலாம்னா குளம் முழுக்கக் குழாய் கூரை. படித்துறைக்கு வந்துதான் தலையைத் தூக்கணும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீங்க கரையில இதே மாதிரி ஒரு மாஸ்க் போட்டு உக்காந்திருப்பீங்க. கீழ அவங்க முகத்துக்கு என்ன ஆகுதோ அது உங்க முகத்துக்கும் தெரியும். நீங்க மூக்கால ஊதுவீங்க. குல்லாவுக்குள்ள இருக்கிற கம்பி அந்த ஊதலை அவங்க உடம்புக்குக் கொண்டுபோகும். பக்கத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டா நமக்கும் வருதில்ல? அந்த மாதிரி, அவங்க உடம்பு உங்களைப் பார்த்து ஊதும்."

"எனக்குப் பயம் வந்துச்சுன்னா?"

"அதுவும் போகும். அதனாலதான் யாருக்கு யார்னு நாங்க சொல்றதே இல்ல. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா பதறுவீங்க. முன்பின் தெரியாத ஆளுன்னா வேலையா நினைச்சு ஊதிடுவீங்க."

வேலையாக நினைத்துத்தான் மெட்டில்டா ஊதினாள். ஆனால் முகத்துக்கு அது வேலை என்று தெரியுமா? வீட்டுக்கு வந்து முகம் கழுவ முடியாமல் போயிற்று. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாள். செம்பை அண்ணாந்து குடிக்கப் பயந்து தம்ளரில் உறிஞ்சிக் குடித்தாள். கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டு நெற்றியில் வைக்கும்போதுகூட ஒரு கணம் மூச்சு நின்று வந்தது. கரைமூச்சுக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். பக்கத்து நாற்காலி சூசை அண்ணன் குளிப்பதையே விட்டுவிட்டு, "நாறுனா, வேதசாட்சி தேவசகாயம் பட்ட பாடுன்னு நெனச்சுப் பொறுத்துக்கிடுங்க" என்று சிரிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் போன மழைக்காலத்தில், குளத்தில் இறங்குகிற லியோன் செத்தான். குல்லா ஓரம் மாட்டி, தண்ணீர் விடாமல் ஏறியிருக்கிறது. கரையில் அவனுக்கு ஊதிக்கொண்டிருந்த மனிதர் ரொம்ப நேரம் ஊதினார். பிறகு தாங்க முடியாமல் தன் மாஸ்க்கைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்று வாந்தி எடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. முகம் தெரியாத யாருக்காகவோ ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் தண்ணீரில் முழுகுவார்?

லியோனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று சூசை அண்ணன் கல்லறை மதில் ஓரமாக நின்று சொன்னார்.

"எங்க தாத்தா காலத்துல முத்துக்குளிக்க எறங்குறவனுக்கு மேல கயிறு புடிக்கிறது யாரு தெரியுமா? அவன் பொண்டாட்டிகூடப் பொறந்தவன். வேற எவன் கையிலயும் கயிறக் குடுக்க மாட்டாவ. ஏன்? கைய விட்டா கூடப்பொறந்தவ தாலியறுக்கணும். அந்தப் பயம் இருக்கவன்தான் விடாமப் புடிப்பான். இவன்க என்னடான்னா, அந்நியன்கிட்ட கயிறக் குடுத்துட்டுப் பதறாமப் புடின்னு சொல்லுதானுவ!"

அவருடைய தங்கை புருஷனும் குளத்தில் இறங்குகிறவன். அவர் சொன்னதில் இருந்த நடுக்கம் எல்லார் வீட்டுக்குள்ளும் போயிற்று.

மெட்டில்டா வீட்டுக்குள் அது போனபோது அங்கே வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது.

கல்யாணம் ஆகாத மெட்டில்டா, தம்பி தொபியாஸ் குடும்பத்தோடு இருந்தாள். தொபியாஸ் சங்கு எடுத்துக்கொண்டிருந்தவன். காது சவ்வு கிழிந்து, இனி முழுகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்குப் பதிலாக அவன் மனைவி பிரகாசி குளத்தில் வேலைக்குப் போனாள். மெட்டில்டாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சின்னப்புள்ளய வச்சுக்கிட்டு இவ குதிக்கப் போறாளாம்" என்று மெட்டில்டா தெருக்குழாயடியில் சொன்னது பிரகாசியின் காதுக்குப் போயிற்று. அதோடு பேச்சு நின்றது. பேச வேண்டியதெல்லாம் நடுவில் நிற்கும் குழந்தை டெல்லா வழியாகத்தான்.

"டெல்லா, ஒங்க அத்தகிட்ட சொல்லு, கஞ்சி ஆறுதுன்னு."

"டெல்லா, ஒங்கம்மாகிட்ட சொல்லு, அதுல உப்பு இருந்தா குடிப்பேன்னு."

இதைச் சொல்லிவிட்டு மெட்டில்டா ஒரு நொடிப்பு நொடிப்பாள் பாருங்கள். முகவாய் மேலே போகும், கண் ஓரத்துக்குப் போகும், மூக்கிலிருந்து ஒரு 'ஹும்' வரும். கொடியில் காயும் துணி ஆடும் என்பான் தொபியாஸ். பிரகாசியின் கொண்டைதான் அந்த 'ஹும்'முக்கு அதிகம் ஆளாவது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல் பிரகாசிக்கு. வேலைக்குப் போகும்போது அதை உச்சியில் பெரிய கொண்டையாகக் கட்டி, அதன்மேல் குல்லாவை இழுத்து மாட்டுவாள்.

"கொண்டைய எறக்கிப் போட்டா கொறஞ்சு போவாளாமா? குல்லா தூக்கிக்கிட்டு நிக்கும், ஓரம் மாஸ்க்குக்குள்ள போய் மாட்டும். நான் சொன்னா கேப்பாளா? ஹும்!"

லியோன் செத்த அதே வாரம் தொபியாஸ் அக்காவிடம் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா. சூசை அண்ணன் ஒரு வழி வச்சிருக்காரு. சுவத்துல கம்பி மாட்டுற பலகை இருக்குல்லா? கீழ எறங்குறவ குல்லாவுல என்ன கலர் பட்டையோ, அந்தக் கலர் ஓட்டைல ஒங்க கம்பிய மாத்திச் சொருகிட்டா, அவங்கவங்க ஆளு அவங்கவங்களுக்கு. பிரகாசிக்கு ஊதா. நீ புடி."

"எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். என்னப் போயி?"

"அதுக்குத்தாங்க்கா. அவ மேல பாசம் வச்சிருக்கவங்க புடிச்சா அழுதே கெடுத்துருவாங்க. நான் புடிச்சா செத்தேபோயிருவேன். நீ அவளுக்காகப் புடிக்க மாட்ட. எனக்காகப் புடிப்ப. டெல்லாவுக்காகப் புடிப்ப. விட மாட்ட."

அன்றைக்கு மெட்டில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பலகைக் காவலாள் டீக்குப் போன இடைவெளியில் எல்லாரும் எழுந்து போய்க் கம்பிகளை மாற்றினார்கள். சூசை அண்ணன் பச்சையில், மெட்டில்டா ஊதாவில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள்.

மாஸ்க்கை முகத்தில் வைத்ததுமே மெட்டில்டாவுக்கு வித்தியாசம் தெரிந்தது. இத்தனை நாள் அது ஒரு முகம். இன்றைக்கு அது பிரகாசியின் முகம். கீழே போகும்போது கன்னத்தில் குளிர் ஏறியது. பிரகாசிக்குக் குளிர் ஆகாதே, மார்கழியில் குழந்தைக் கம்பளியைப் பிடுங்கிப் போர்த்திக்கொள்வாளே என்று நினைப்பு ஓடிற்று. மூச்சு தட்டிற்று. கீழேயும் தட்டியது, அது இவளுக்குத் திரும்பி வந்தது. சாருலதா மேடம் சொன்னது பொய்யில்லை. பயம் கம்பி வழியாகப் போய்த் திரும்பி வரும்போது இரட்டிப்பாக வருகிறது.

"மாதாவே, அவள ஒண்ணும் செஞ்சுராத" என்று வாய்க்குள் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. சுரண்டும் வேலையின் அதிர்வு மட்டும் பல்லில் லேசாகத் தெரிந்தது. பிறகு இடது நெற்றிப் பொட்டருகே ஒரு ஊசி. ஒரே ஊசிதான். குளிர்ந்த ஒரு கோடு கன்னத்து வழியாக இறங்கி மூக்கடியில் தேங்கியது.

கொண்டை! கொண்டை குல்லாவைத் தூக்கிவிட்டது. ஓரம் மாட்டிக்கொண்டது.

தண்ணீர் ஏறியது. மேலுதடு, மூக்கு நுனி. மெட்டில்டா ஊதியிருக்க வேண்டும். ஊதப் பழகியவள்தான். ஆனால் டெல்லாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தம்பி வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே இழுக்கப் பார்த்தது. கீழே அந்த உடம்பும் அதே மாதிரி இழுக்கப் போவது அவளுக்குத் தெரிந்தது. இழுத்தால் முடிந்தது. கை தானாக மாஸ்க்கின் பட்டைக்குப் போயிற்று. பிய்த்துப் போட்டால் இந்தக் குளிர் நிற்கும். லியோனுக்கு ஊதிய மனிதர் ஏன் பிய்த்தார் என்று அந்தக் கணம் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்ததோ! 'எத்தன மட்டம் சொன்னேன், கொண்டைய எறக்கிப் போடுட்டின்னு! கேட்டாளா? ராணி! இப்ப எல்லாரையும் சாகடிக்கப் பாக்கா!'

முகவாய் மேலே போயிற்று. கண் ஓரத்துக்குப் போயிற்று. மூக்கிலிருந்து வந்தது.

"ஹும்!"

தண்ணீர் சட்டென்று இறங்கியது. மாஸ்க் காலியானது.

மெட்டில்டா திகைத்துப்போனாள். வருஷக்கணக்காகத் தன் வீட்டு முற்றத்தில் செய்துகொண்டிருந்த அந்த நொடிப்புத்தான் இது. முகத்தைத் தூக்கி மூக்கால் ஊதுவது. இதைத்தானே மேடம் முதல் நாள் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தாள்!

ஆனால் ஓரம் மாட்டியது மாட்டியபடி இருந்தது. பொட்டருகே மறுபடி ஊசி. மறுபடி கோடு. படித்துறை வருகிற வரைக்கும், இல்லை கீழே இருப்பவள் மரத்த விரலால் அந்த ஓரத்தைக் கண்டுபிடித்து எடுக்கிற வரைக்கும், விடாமல் ஊத வேண்டும்.

'உப்பில்லாத கஞ்சி!' ஹும்.

'என்னைக் கேக்காம வேலைக்குப் போனவ!' ஹும்.

'டெல்லா கோயில்ல முதல் நன்மை வாங்குனப்ப நான் எடுத்த கவுன மடிச்சு வச்சுட்டு, அவ அம்மா வீட்டுக் கவுன போட்டுவிட்டாளே!' அதற்கு ஒரு பெரிய ஹும். கீழே மாஸ்க் கண்ணாடி துடைத்த மாதிரி ஆகியிருக்கும்.

சாளை மீனைக் கருக வைத்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டது. விருந்தாளி முன்னால் 'மைனிக்குக் காது மந்தம்' என்று இவளைச் சொன்னது. ஒவ்வொன்றாகத் தோண்டித் தோண்டி எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊதல். சூசை அண்ணன் தன் மாஸ்க்குக்குள்ளிருந்து பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

கோபம் தீர்ந்துபோயிற்று.

நம்புங்கள், ஒரு மனுஷி மேல் நமக்கிருக்கிற கோபம் நாம் நினைக்கிற அளவுக்கு நீளமாக இருப்பதில்லை. தோண்டிய இடத்தில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. டைபாய்டு வந்து மெட்டில்டா எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பிரகாசி கர்ப்ப வயிற்றோடு குனிந்து அவளுக்குத் தலை வாரிச் சடை பின்னிவிட்டது. 'முடி கொட்டுது மைனி, கவலப்படாதீங்க, என் முடியில பாதி தாரேன்' என்று சிரித்தது.

மூக்கு எரிந்தது. அழுகை வந்தது. ஐயோ, அழுகை வந்தால் மூக்கை உறிஞ்ச வேண்டுமே! உறிஞ்சினால் கீழேயும் உறிஞ்சுமே! தண்ணீர் மேலுதட்டைத் தொட்டது. மூக்கு நுனியைத் தொட்டது. உள்ளே இழுக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. மெட்டில்டா நாற்காலிக் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்று. ஒரே ஒரு கோபம். எங்கே? எங்கே?

'ஏட்டி, இங்ஙன இத்தன பேரு முன்னால என்ன அழ வைக்கியா நீ!'

"ஹும்ம்ம்!"

தண்ணீர் போயிற்று. இந்த முறை திரும்பி வரவில்லை. பொட்டருகே இருந்த ஊசி காணாமல் போயிருந்தது. கீழே ஒரு விரல் ஓரத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டிருந்தது. நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

மெட்டில்டா மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் படித்துறைக்கு ஓடினாள். பிரகாசிதான் முதலில் ஏறி வந்தாள். குல்லாவை உரித்தாள். உச்சிக் கொண்டை கலையாமல் இருந்தது. மாஸ்க்குக்குள் இருந்த முகம் கருவாடு மாதிரிக் காய்ந்து, நிம்மதியாக இருந்தது.

"என்ன மைனி?" பேச்சு நின்றிருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று. "ஏன் இப்படி வெளுத்துப்போய் ஓடி வாரீங்க? டெல்லாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"தண்ணி... தண்ணி ஏறுச்சுல்லா ஒனக்கு?"

"எனக்கா? இன்னைக்கு ஒரு சொட்டு இல்லையே. கரைல யாரோ நல்லா நிதானமா ஜெபம் பண்ற மாதிரி மூச்சு விட்டுட்டு இருந்தாவ. தூக்கமே வந்துட்டு."

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வெடவெடத்தது. படியில் உட்கார வைத்துக் குல்லாவை உருவினார்கள். உள்ளே மயிரே இல்லை. மொழுமொழுவென்று மொட்டை. திருச்செந்தூர் சந்தனம் இன்னும் காதோரத்தில் ஒட்டியிருந்தது.

"நேத்துத்தான் போயி முடியெறக்கிட்டு வந்தேன்" என்றாள் அந்தப் பெண், பல் கிட்டியபடி. பாம்பன் பக்கத்துப் பேச்சு. முத்துராக்கு என்று பேர். "தண்ணிக்குள்ள ஒண்ணும் ஆகக் கூடாது முருகான்னு வேண்டி எறக்குனேன். முடி இல்லாம குல்லா லூசாயி வழுக்கிக்கிட்டுப் போயி மாஸ்க்குக்குள்ள மாட்டிக்கிச்சு. எனக்குக் கரைமூச்சு யாரு பிடிச்சது? கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாக."

மெட்டில்டாவின் முகமே சொல்லிவிட்டதுபோல. அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"நீங்களாக்கா? எம்மேல என்னக்கா அவ்வளவு கோவம் ஒங்களுக்கு? அப்பப்பா! எங்க மாமியா வந்து கரைல உக்காந்துட்டாகளோன்னு நினைச்சேன். சாகலாம்னு பாத்தாக்கூட விடாம வைய்யிறீக."

சொல்லிவிட்டு மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெட்டில்டா அவள் மொட்டைத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். வேறென்ன செய்வது?

சாருலதா மேடம் மறைக்கவில்லை. தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க எல்லாரும் கம்பி மாத்தினது கேமராவுல தெரிஞ்சது. சொந்தக்காரங்க பதறி யாரையாவது கொன்னுடுவீங்களோன்னு, சுவருக்குப் பின்னாடி நாங்க எல்லாத்தையும் கலைச்சு மாத்திட்டோம். பிரகாசிக்கு ஊதினது உங்க சூசை அண்ணன். தன் மச்சான்னு நினைச்சு."

"நான் பிரகாசின்னு நெனச்சுத்தானே..."

"தெரியும்." மேடம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "இன்னைக்குத் தண்ணி ஏறினப்ப ஒருத்தர்கூட மாஸ்க்கைக் கழட்டலைம்மா. இதுவரைக்கும் ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்ல. மேலிடத்துல அதைப் பார்த்துட்டாங்க. இனிமே உங்க உங்க ஆளையே உங்களுக்குத் தரப்போறாங்களாம். பேரும் முன்னாடி திரையில வரும்."

"நெசமாவா?"

"அப்படித்தான் எனக்குச் சொன்னாங்க."

அன்று முதல் நாற்காலிகளுக்கு முன்னால் சின்னத் திரைகள் வந்தன. சூசை அண்ணனுக்கு மச்சான் பேர். மெட்டில்டாவுக்குப் பிரகாசி பேர். சூசை அண்ணன் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார், நம்ம வழக்கம் ஜெயித்துவிட்டது என்று. வீட்டில் டெல்லாவுக்குத் தூது வேலை போய்விட்டது. அத்தையும் அம்மாவும் நேருக்கு நேராகவே சண்டை போட்டார்கள். மெட்டில்டாவின் முகம் மட்டும் இன்னும் தண்ணீரைத் தொடவிடவில்லை. நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் தம்பி வீடு முழுவதையும் மூக்கில் சுமந்துகொண்டு உட்கார்ந்தாள். முன்னால் வேலையாவது வேலையாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மழை பிடித்த ஒரு வாரத்தில் பிரகாசிக்குக் காய்ச்சல் வந்தது. அனலாகக் கொதித்தாள். "எந்திரிச்சா காலை ஒடிச்சுருவேன்" என்று மெட்டில்டா அவளைப் படுக்க வைத்து, கஞ்சி வைத்து, தேங்காய்த் துவையல் அரைத்து, தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"மைனி, உப்பு இருக்கா இதுல?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் பிரகாசி.

"வாய மூடிட்டுக் குடிட்டி."

குடையை மடக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை மினுங்கி எழுத்து வந்தது.

பிரகாசி.

மெட்டில்டா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரகாசி வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் போர்வையின் காய்ச்சல் வாடைகூட இன்னும் இவள் கையில் இருக்கிறது. தலையைத் திருப்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். சாருலதா மேடமும் திரையைத்தான் பார்த்தாள். பிறகு மெட்டில்டாவைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்படியானால் எத்தனை நாளாக? எந்தெந்த முகத்துக்கு?

பக்கத்தில் சூசை அண்ணன் மச்சான் பேரைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முகத்தில் பயம். ஆனால் விடாப்பிடி. அவர் மச்சான் எந்தக் கம்பியில் இருக்கிறானோ! அவர் நாற்காலிக்கு அப்பால் வரிசையாக எல்லாரும் தங்கள் தங்கள் திரையைப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் அந்நியர் ஆகிவிடுவார்கள். கீழே எத்தனை பேர் இறங்கியிருக்கிறார்களோ, அத்தனை பேரும்.

"யாரு, பிரகாசியா?" என்றார் சூசை அண்ணன்.

"ஆமாண்ணே. அவதான்."

மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைத்தாள். குளிர் ஏறியது. ஒரு மூச்சு. கொஞ்சம் வேகமான, பழகாத மூச்சு. புது ஆள். சின்னப் பெண்ணோ, பையனோ. அதற்கும் வீட்டில் யாராவது கஞ்சி வைத்திருப்பார்கள்.

பொட்டருகே ஒரு ஊசி. கன்னத்தில் குளிர்ந்த ஒரு கோடு.

"கொண்டைய எறக்கிப் போடுன்னு எத்தன மட்டம்ட்டி சொல்லுதது?" என்றாள் மெட்டில்டா, யாருக்கோ. முகவாயைத் தூக்கினாள்.

"ஹும்!"